கடல் கடந்த வாடிக்கையாளருக்கு மாத மடல்: யாழ்ப்பாணத்துச் செய்திமடல் சேவை ஒன்றின் மதிப்பீடு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு அருகில் எங்கள் குடும்பம் நடத்தும் கடையில் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு), புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), பனாட்டு (காயவைத்த பனம்பழக் களி), குட்டான் எனும் சிறு ஓலைப்பெட்டியில் வார்த்த பனங்கட்டி, வறுத்து இடித்த கறித்தூள், மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம் ஆகியவற்றை விற்கிறோம். நேரில் வந்து வாங்குபவர்களை விட, கனடாவிலும் இங்கிலாந்திலும் சுவிற்சர்லாந்திலும் இருந்து பொதி அனுப்பச் சொல்பவர்களே எங்கள் வருமானத்தின் பெரும்பகுதியைத் தருகிறார்கள். அவர்களுக்காக மாதம் ஒரு மின்னஞ்சல் செய்திமடலை வடிவமைத்து அனுப்பும் வேலையை யாழ் நகரிலுள்ள சிறு வடிவமைப்பு நிறுவனமொன்றிடம் ஓராண்டுக்கும் மேலாக ஒப்படைத்திருக்கிறோம். அந்தச் சேவையைப் பற்றியதே இம்மதிப்பீடு. நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. யாழ்ப்பாணம் சிறிய ஊர், பெயரைப் போட்டால் சொல்ல வந்த விடயம் மறைந்து யாருக்கும் யாருக்கும் என்ன பிரச்சினை என்பதே பேச்சாகிவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மடல் பெறுபவரின் பெட்டிக்குள் ஒழுங்காகப் போய்ச் சேருவதற்குத் தேவையான தொழில்நுட்ப வேலையையும், முகவரிப் பட்டியலைத் துப்புரவாக வைத்திருக்கும் வேலையையும் இவர்கள் மிக நன்றாகச் செய்கிறார்கள். கொடுக்கும் பணம் அதற்கே தகும். கண்ணுக்குத் தெரியும் வடிவமைப்பு தொடக்கத்தில் தவறான திசையில் இருந்து, கேட்டு வாங்கிய பிறகு திருந்தியது. தமிழில் எழுதித்தரும் பகுதி இன்றும் பலவீனமாகவே இருக்கிறது. அந்த வேலையைக் கடைக்காரர் தாமே செய்வதாக இருந்தால் மட்டும் இச்சேவையைப் பரிந்துரைப்பேன்.

வட்ஸ்அப்பும் முகநூலும் இருக்கும்போது மின்னஞ்சல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உள்ளூர் வாடிக்கையாளருக்கு அக்கேள்வி நியாயமானது. ஆனால் வெளிநாட்டில் இருந்து வாங்கும் எங்கள் ஆட்களில் பலர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். வேலை, வங்கி, பிள்ளைகளின் பாடசாலை எல்லாம் அவர்களுக்கு மின்னஞ்சலில்தான் நடக்கின்றன. முகநூலில் இட்ட பதிவு யாருக்குக் காட்டப்படும் என்பதை அந்த நிறுவனமே தீர்மானிக்கிறது. மின்னஞ்சல் முகவரிப் பட்டியலோ கடையின் சொத்தாகக் கையில் இருக்கிறது. அத்துடன், மாசி மாதத்தில் வாசித்துவிட்டு வைத்த மடலைப் பங்குனியில் தேடி எடுத்து ஓடர் கொடுப்பவர்களை நாங்கள் தொடர்ந்து காண்கிறோம். வட்ஸ்அப் செய்தி அதற்குள் எத்தனையோ காலை வணக்கங்களுக்கு அடியில் போய்விடும்.

முதற் சந்திப்பிலேயே இவர்கள் மீது நம்பிக்கை வரக் காரணம், கடையின் இலச்சினையைக் கேட்காமல் முகவரிப் பட்டியலைக் கேட்டதுதான். எங்கே இருந்து இந்த முகவரிகள் வந்தன, யார் எப்போது கடைசியாக வாங்கினார்கள், மடல் அனுப்பச் சம்மதம் சொன்னவர்கள் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எங்களிடம் இருந்தவை பற்றுச்சீட்டுப் புத்தகங்களிலும் கூரியர் படிவங்களிலும் எழுதப்பட்டிருந்த முகவரிகள். அவற்றை அப்படியே தட்டச்சு செய்து அனைவருக்கும் ஒரே நாளில் அனுப்பித் தருவதாக வேறொரு இடத்தில் சொன்னார்கள், இவர்கள் மறுத்துவிட்டார்கள்.

மறுப்புக்குக் கனடாவின் சட்டமே முதற் காரணம். 2014 யூலை 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த அந்நாட்டின் ஸ்பாம் (கேளாமல் வந்து குவியும் மின்னஞ்சல்) எதிர்ப்புச் சட்டம், வியாபார நோக்கமுள்ள மின்னஞ்சலுக்குப் பெறுபவரின் சம்மதத்தைக் கோருகிறது. அனுப்புபவர் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும், மடல் கனடாவில் திறக்கப்படுமானால் அச்சட்டம் பொருந்தும். பொருள் வாங்கியவரிடம் வெளிப்படையாகக் கேட்காவிட்டாலும், வாங்கிய நாளில் இருந்து இரண்டு ஆண்டுகளுக்குச் சம்மதம் இருப்பதாகக் கொள்ளலாம். அதற்குப் பிறகு கொள்ள முடியாது. ‘உங்களுக்கு மடல் அனுப்பலாமா?’ என்று கேட்டு அனுப்பும் மின்னஞ்சல்கூட அச்சட்டத்தின் பார்வையில் வியாபார மின்னஞ்சல்தான் என்பது பலருக்கும் தெரியாத நுணுக்கம். மீறும் நிறுவனத்துக்கு ஒரு கோடி கனேடிய டொலர் வரை தண்டம் விதிக்க இடமுண்டு. எங்களைப் போன்ற ஒரு கடையைத் தேடி எவரும் வரப்போவதில்லை என்று வாதிடலாம். வாதிட்டோம், ஆனால் சம்மதமில்லாமல் மடல் பெற்றவர் கோபத்தில் ஸ்பாம் பொத்தானை அழுத்துவார், அந்தச் சேதத்துக்குச் சட்டம் தேவையில்லை என்ற பதில் வந்தது. இங்கிலாந்திலும் விதிகள் உண்டு. முன்பு வாங்கியவருக்கு அதே வகையான பொருட்களைப் பற்றி எழுதலாம், ஆனால் முகவரியைப் பெறும்போதும் ஒவ்வொரு மடலிலும் விலகும் வழி கொடுக்கப்பட வேண்டும். இலங்கையிலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கான 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் விளம்பரச் செய்திகளுக்கான சம்மதத்தைத் தனியாக எடுத்துப் பேசுகிறது.

ஆகவே பட்டியல் பிரிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் வாங்கியவர்கள் ஒரு பக்கம், பழையவர்கள் மறுபக்கம். பழையவர்களை மீட்க இவர்கள் செய்த யோசனை எளிமையானது. அவர்கள் மறுபடி எப்போதாவது பொதி வாங்கும்போது உள்ளே வைப்பதற்காக, உள்ளங்கை அளவான ஒரு துண்டை அச்சடித்துத் தந்தார்கள். ‘பனாட்டு வரும் மாதத்தை அறிய விரும்பினால் உங்கள் மின்னஞ்சலைப் பதிவு செய்யுங்கள்’ என்ற ஒரு வரியும் கியூஆர் குறியும் மட்டுமே அதில் இருந்தன. விலைக்கழிவு இல்லை, பரிசு இல்லை. அந்தத் துண்டின் வழியாகப் பதிவு செய்தவர்களே இன்று மடலுக்குப் பதில் எழுதுபவர்களாகவும் தொடர்ந்து வாங்குபவர்களாகவும் இருக்கிறார்கள்.

அடுத்தது அனுப்பும் முகவரி. கடையின் பெயரில் நாங்கள் வைத்திருந்தது ஓர் இலவச ஜிமெயில் முகவரி. மொத்தமாக மடல் அனுப்பும் வெளிச் சேவையொன்றின் வழியாக அத்தகைய முகவரியில் இருந்து அனுப்புவது இன்று ஏறத்தாழ வீண்வேலை. தன் முகவரிகளின் பெயரில் வெளியார் அனுப்பும் மடல்களை நிராகரிக்கும்படி யாஹூ 2014 இலேயே அறிவித்துவிட்டது. ஜிமெயிலும் பின்னர் அதே வழியில் இறுக்கியது. 2024 பெப்ரவரியில் இருந்து கூகிளும் யாஹூவும் அனுப்புபவர் தம்மை அடையாளப்படுத்த வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கின. எனவே கடைக்கென்று ஒரு டொமெய்ன் (சொந்த இணைய முகவரிப் பெயர்) வாங்கி, அதில் மூன்று பதிவுகளை இவர்கள் இட்டார்கள். இந்த டொமெய்னின் பெயரில் மடல் அனுப்ப எந்தச் சேவையகங்களுக்கு அனுமதி உண்டு என்பதை எஸ்பிஎஃப் பதிவு சொல்கிறது. மடல் வழியில் மாற்றப்படவில்லை என்பதைச் சரிபார்க்கக்கூடிய கையொப்பம் டிகேஐஎம். இவற்றில் ஒன்றும் பொருந்தாத மடலை என்ன செய்ய வேண்டும் என்று பெறும் பக்கத்துக்குச் சொல்வது டிமார்க். ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5000 மடல்களுக்கு மேல் அனுப்புபவருக்கே மூன்றும் கட்டாயம். சிறியவருக்கு முதல் இரண்டில் ஒன்று போதும். எங்கள் பட்டியல் அந்த எண்ணிக்கைக்குக் கிட்டவும் வராது. இருந்தும் மூன்றையும் இட்டது சரியான முடிவென்றே கருதுகிறேன். அதற்கு முன் ‘உங்கள் மடல் ஸ்பாமுக்குள் கிடந்தது’ என்று தொலைபேசியில் சொன்ன அதே உறவினர்கள், அதன் பின் அப்படிச் சொல்லவில்லை.

இனி வடிவமைப்பு. முதல் மாதிரியாக எங்களுக்குக் காட்டப்பட்டது ஒரு படம். வாழைமரமும் குத்துவிளக்கும் இரு பக்கத்திலும் நிற்க, நடுவில் பொன்னிற எழுத்தில் வாழ்த்து, அதன் கீழே எட்டுப் பொருட்களின் விலை, அடியில் மூன்று தொலைபேசி இலக்கங்கள். முழு மடலும் அந்த ஒரே படம். கணினித் திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இது சுவரொட்டியை எட்டாக மடித்துத் தபாலில் போடுவதைப் போன்ற வேலை. அலுவலக மின்னஞ்சல்கள் பலவற்றில் படங்கள் தாமாகத் திறப்பதில்லை. அங்கே வெறும் வெள்ளைப் பெட்டி மட்டுமே தெரியும். திறந்தாலும், கைத்தொலைபேசியின் அகலத்துக்குள் படம் சுருங்கும்போது விலைகள் எறும்பளவாகிவிடும். தொலைபேசி இலக்கத்தை விரலால் தொட்டு அழைக்க முடியாது. பிறகொரு நாள் ‘பனாட்டு’ என்று தேடினால் அந்த மடல் கிடைக்காது, ஏனெனில் அதில் எழுத்தே இல்லை. கண்பார்வை குறைந்தவருக்கு வாசித்துக்காட்டும் செயலிக்கும் அதே கதைதான்.

எழுத்தாகவே வேண்டும் என்று கேட்டபோதுதான் உள்ளே இருந்த இன்னொரு சிக்கல் வெளிவந்தது. அச்சகத் தொழிலில் பழகிய அவர்களுடைய தட்டச்சாளர் பாமினி எழுத்துருவில் அடிப்பவர். அச்சுக்கு அது போதும். பாமினியில் அடித்ததை மின்னஞ்சலுக்குள் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். எல்லாக் கருவிகளிலும் தெரியும் பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றிக்கொடுத்தார்கள். மாற்றியதில் ஒற்றைக்கொம்பு சில இடங்களில் எழுத்தை விட்டு விலகி, புள்ளிகளால் ஆன வட்டத்தின் பக்கத்தில் தனியே நின்றது. ‘பௌர்ணமி’ என்ற சொல்லில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் இருந்தன. பார்வைக்கு இரண்டும் ஒன்றே, தேடினால் அகப்படாது, வாசித்துக்காட்டும் செயலி ‘பெளர்ணமி’ என்று உச்சரிக்கும். இவற்றை ஒரு தமிழ் நிறுவனம் தானாகவே பார்த்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் சொல்லிய பிறகு திருத்தியது எனக்கு மன நிறைவைத் தரவில்லை. இப்போது நேரடியாக யூனிகோடிலேயே அடிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

திருத்திய பின் வந்த வார்ப்புரு, குறை சொல்ல இடமில்லாதது. ஒரே நிரல், அகலம் 600 பிக்சல். கைத்தொலைபேசியில் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க வேண்டியதில்லை. விண்டோஸ் கணினிகளில் பலகாலம் புழங்கிவரும் அவுட்லுக் செயலி 2007 ஆம் ஆண்டில் இருந்து மடல்களை வேர்ட் மென்பொருளின் இயந்திரத்தைக் கொண்டே காட்டிவந்ததால், இணையத்தளத்துக்குப் பயன்படும் நவீன உத்திகள் அங்கே குலைந்துபோகும். ஆகவே பழைய முறைப்படி அட்டவணைகளால் மடலைக் கட்டியிருக்கிறார்கள். ஆங்கில வார்ப்புருக்களில் உள்ள வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேலே விசிறியும் கீழே சுழியும் உள்ள எழுத்துகள் அடுத்தடுத்த வரிகளில் வரும்போது ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். இவர்கள் இடைவெளியைக் கூட்டி, எழுத்தின் அளவையும் சற்றுப் பெரிதாக்கி, பத்திகளைச் சிறிதாக வைத்தார்கள். ஓடர் கொடுக்கும் பொத்தான் ஒன்றே ஒன்று, பெருவிரலுக்கு அடங்கும் அளவில், நடுவில் இருக்கிறது. இரவு நேரத்தில் கறுப்புப் பின்னணியில் வாசிப்பவருக்கு எங்கள் கரும்பச்சை இலச்சினை காணாமற் போனதை அவர்களே கண்டுபிடித்து, அதற்கு மெல்லிய வெள்ளை விளிம்பு வைத்தார்கள். கேட்காமலே செய்த அந்த வேலைக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும்.

மடலின் எடை பற்றிய விடயம் இன்னும் சற்று விரிவாகச் சொல்லத் தக்கது, ஏனெனில் தமிழில் மடல் அனுப்பும் ஒவ்வொருவரையும் இது தொடும். ஒரு மடலின் குறிமுறை (எச்டிஎம்எல்) 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் அதன் வாலை வெட்டிவிட்டு, முழுவதையும் காண இங்கே அழுத்துங்கள் என்று ஓர் இணைப்பை மட்டும் வைக்கும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகள். ‘யாழ்ப்பாணம்’ என்ற ஆறு எழுத்துகள் 11 குறிகளாகி 33 பைட்டுகளைப் பிடிக்கின்றன. இதுவே பரவாயில்லை. சில மடல் தொகுப்பான்கள் தமிழ் எழுத்தை எழுத்தாக வைக்காமல் எண்குறியாக மாற்றி வைக்கின்றன. அப்போது ‘க’ என்ற ஒரே எழுத்து ஏழு பைட்டுகளாக வீங்குகிறது. எங்கள் தொடக்ககால மடல்களில் ஒன்று இப்படித்தான் வெட்டுப்பட்டது. வெட்டுப்பட்ட வாலில் என்ன இருந்தது என்பதே முக்கியம்: கடையின் முகவரியும், பட்டியலில் இருந்து விலகும் இணைப்பும். விலக விரும்பியவருக்கு வழி தெரியாவிட்டால், மேலே கண்ணுக்குத் தெரியும் ஸ்பாம் பொத்தானைத்தான் அழுத்துவார். ஸ்பாம் முறைப்பாடுகள் 0.3 வீதத்தைத் தொடக்கூடாது, 0.1 வீதத்துக்குக் கீழே இருப்பதே நல்லது என்கிறது கூகிள். அதாவது ஆயிரம் மடல்களில் மூன்று பேர் அழுத்தினாலே அனுப்புபவரின் பெயர் கெடத் தொடங்கும். இப்போது விலகும் இணைப்பை மடலின் அடியில் வைப்பதோடு, அனுப்புபவர் பெயருக்கருகில் ஜிமெயில் தானே காட்டும் ஒரே அழுத்தில் விலகும் வசதியையும் இயக்கியிருக்கிறார்கள். விலகுபவரைத் தடுத்து நிறுத்திக் காரணம் கேட்கும் படிவங்கள் எதுவும் இல்லை. போகிறவர் போகட்டும்.

தலைப்பு வரிக்கு வருவோம். இவர்களின் முதல் மடல் ‘எமது அன்பான வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு நல்வாழ்த்துகள்’ என்று புறப்பட்டது. கைத்தொலைபேசியில் தெரிந்தது ‘எமது அன்பான வாடிக்கை…’ என்பது மட்டுமே. அதே நாளில் அதே வாழ்த்தோடு வங்கியும் தொலைபேசி நிறுவனமும் நகைக்கடையும் அனுப்பியிருக்கும். தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால், ஆங்கிலத்தில் நாற்பது எழுத்துக்கு இருக்கும் இடம் தமிழில் நாற்பதுக்கு இராது. சொல்ல வேண்டியது முதல் இரண்டு மூன்று சொற்களுக்குள் வந்துவிட வேண்டும். ‘பனாட்டு வந்துவிட்டது’, ‘புழுக்கொடியல் இந்தக் கிழமை’, ‘கூழுக்கு ஒடியல் மா’ என்ற மாதிரியான தலைப்புகளை அதன்பின் நாங்களே எழுதிக் கொடுக்கத் தொடங்கினோம். தலைப்புக்குப் பக்கத்தில் மங்கலாகத் தெரியும் முன்னோட்ட வரியைச் சும்மா விட்டால் ‘இம்மடல் சரியாகத் தெரியவில்லையா’ என்ற வார்ப்புருச் சொற்கள் அங்கே வந்து உட்கார்ந்துவிடும். அதில் பொருளின் எடையும் அனுப்பும் திகதியும் இடம்பெறும்படி செய்துகொண்டோம். அனுப்புபவர் பெயராகக் கடையின் பெயரோடு என் அக்காவின் பெயரையும் சேர்த்தது இவர்களின் யோசனை. நல்ல யோசனை.

எழுத்தில்தான் பிரச்சினை. ‘பாரம்பரியத்தின் சுவையை உங்கள் இல்லம் தேடி எடுத்துவரும் தரமான தயாரிப்புகள்’ என்ற வகை வசனங்களை இவர்கள் மாதம் தவறாமல் எழுதித் தருகிறார்கள். எந்த ஊர்க் கடைக்கும், எந்தப் பொருளுக்கும், சவர்க்காரத்துக்கும்கூடப் பொருந்தும் வசனங்கள் இவை. வரைவை வாசித்த அக்கா, அதை எழுதிய இளைஞரிடம் நேரடியாகவே கேட்டார்: ‘தம்பி, இதை வாசிச்சுப்போட்டு நீர் ஒரு கிலோ வாங்குவீரோ?’ அவர் சிரித்துவிட்டு, ‘அக்கா, நீங்களே எழுதித் தாங்கோ, நான் அடுக்கித் தாறன்’ என்றார். அதற்குப் பிறகு அந்த ஏற்பாடே தொடர்கிறது. அக்கா எழுதும் மடலில் பெரிதாக ஒன்றும் இருக்காது: இந்த முறை கிழங்கு எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது, மழையால் காயவைப்பது பிந்தியதா, ஒடியல் மாவைக் கூழுக்குப் போடுமுன் எவ்வளவு நேரம் ஊறவிட்டு நீரை வடிக்க வேண்டும், கூழுக்குள் என்ன மீன் போட்டால் நன்றாக இருக்கும். முடிவில் ஒரு பொருள், அதன் விலை கனேடிய டொலரிலும் பவுண்ஸிலும், ஒரு பொத்தான். ஒரே மடலில் எட்டுப் பொருட்களை அடுக்கிய காலத்தை விட, ஒரு பொருளை மட்டும் சொல்லும் மடலுக்கே ஓடர்கள் கூடுதலாக வருகின்றன. வந்தவர்கள் அந்தப் பொருளோடு வேறு நான்கையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள்.

படத்திலும் ஒரு சம்பவம் நடந்தது. பனங்கட்டிக்கென்று இவர்கள் இணையத்தில் இருந்து எடுத்துப் போட்ட படத்தில் இருந்தது தமிழ்நாட்டுக் கருப்பட்டி: சிரட்டையில் வார்த்த, அரைக்கோள வடிவமான கட்டிகள். குட்டானில் வார்த்த பனங்கட்டியைச் சின்ன வயதில் ஓலையோடு சேர்த்து நக்கித் தின்ற ஒருவருக்கு அந்தப் படம் என்ன சொல்லும்? இது எங்கள் ஊர்ச் சாமான் இல்லை என்றுதான் சொல்லும். நல்லவேளை, வரைவிலேயே பிடித்துவிட்டோம். அன்று முதல், கடைக்குப் பின்னால் முற்றத்தில், காலை வெயிலில், சுளகின் மேல் பொருளை வைத்துக் கைத்தொலைபேசியில் எடுக்கும் படம் மட்டுமே போகிறது. நிறுவனத்தார் அதன் அளவைக் குறைத்து, படம் திறக்காவிட்டாலும் தெரியும்படி ‘குட்டானில் பனங்கட்டி, ஒரு கட்டு’ என்ற விளக்கச் சொற்களைப் பின்னால் வைக்கிறார்கள். இந்த மாற்றுச் சொற்களை ஒரு மடலிலும் அவர்கள் தவறவிட்டதில்லை.

அனுப்பும் நேரத்தில் இவர்களின் கவனம் பாராட்டத்தக்கது. கோடையில் ரொறன்ரோ எங்களை விட ஒன்பதரை மணித்தியாலங்கள் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் பத்தரை. லண்டன் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. இலங்கையில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாததால் இந்த வேறுபாடு ஆண்டுக்கு இருமுறை நகரும். பட்டியலை நாடுவாரியாகப் பிரித்து, அந்தந்த ஊரின் சனிக்கிழமைக் காலையில் மடல் சேரும்படி அனுப்புகிறார்கள். கடிகாரம் மாறும் கிழமைகளிலும் நேரம் பிசகவில்லை. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களும் எங்களுக்கு வேறு கணக்கு. அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருந்து வருபவர்கள் பொதி கேட்கமாட்டார்கள், நேரில் வந்து பெட்டியில் கட்டிக்கொண்டு போவார்கள். கொடியேற்றத்துக்கு முன்னர், கடை திறக்கும் நேரமும் விமானத்தில் கொண்டுபோகத் தக்கபடி பொதி செய்து தருவோம் என்ற தகவலும் மட்டும் கொண்ட சிறு மடலொன்றை இவர்களாகவே தயாரித்து அனுப்பினார்கள். வடிவமைப்பே இல்லாத, வெறும் எழுத்தாலான அந்த மடல், அலங்கரித்த மடல்கள் பலவற்றை விட நன்றாக வேலை செய்தது.

மாத இறுதியில் தரும் அறிக்கை பற்றி ஓர் எச்சரிக்கை. முதற் பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘திறந்தவர்கள்’ என்று ஒரு வீதத்தைப் போட்டு, அது கூடும்போதெல்லாம் வாழ்த்துவார்கள். மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படத்தை வைத்து, அது இறக்கப்படுவதை எண்ணியே இந்த வீதம் கணிக்கப்படுகிறது. 2021 செப்டெம்பரில் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 15 உடன் அப்பிள் கொண்டுவந்த மின்னஞ்சல் அந்தரங்கப் பாதுகாப்பு, அதை இயக்கியவருக்கு வரும் படங்களை அவர் மடலைத் திறக்காமலே முன்கூட்டி இறக்கிவிடுகிறது. எங்கள் வாடிக்கையாளரில் ஐபோன் வைத்திருப்போர் ஏராளம். ஆகவே அந்த வீதம் வாசித்தவர்களின் வீதம் அல்ல. எங்கள் வேண்டுகோளின்படி இப்போது அறிக்கையின் முதல் வரியில் பதில் எழுதியவர்கள், பொத்தானை அழுத்தியவர்கள், வாங்கியவர்கள், விலகியவர்கள் என்ற நான்கு எண்கள் வருகின்றன. பதில் எழுதியவர்களை எண்ண வேண்டுமென்றால் பதில் வரும் முகவரி உயிரோடு இருக்க வேண்டும். ‘இம்முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்’ என்ற முகவரியைத் தொடக்கத்தில் வைத்திருந்தார்கள், அதை எடுக்கச் சொன்னோம். பதில்களில் பாதி கேள்விகள்: மோர்மிளகாய் வழியில் நமுத்துப்போகாதா, இரண்டு வீட்டுக்குச் சேர்த்து ஒரே பொதியாக அனுப்பலாமா. அவற்றுக்கு எழுதும் விடைகள் பலமுறை அடுத்த மாதத்து மடலாகியிருக்கின்றன.

கட்டணம் இரு பகுதிகளாக இருக்கிறது. டொமெய்ன், பதிவுகள், வார்ப்புரு ஆகியவற்றுக்கு ஒரு தடவை. பிறகு மாதக் கட்டணம். மாதக் கட்டணம், துண்டுப்பிரசுரம் அச்சடித்துப் பத்திரிகைக்குள் வைத்து விநியோகிக்கும் செலவை விடக் குறைவு. இதற்குப் புறம்பாக, மடல் அனுப்பும் வெளிநாட்டு மென்பொருளுக்கான சந்தா டொலரில் எங்கள் வங்கி அட்டையில் இருந்து போகிறது. பட்டியலில் முகவரிகள் கூடக்கூட அந்தச் சந்தாவும் கூடும், எனவே நீண்டகாலம் திறக்காதவர்களையும் அழுத்தாதவர்களையும் அவ்வப்போது நீக்குவது பணத்துக்கும் நல்லது. ஒன்றுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது: அந்த மென்பொருளின் கணக்கை முதலில் தங்கள் பெயரிலேயே திறந்து, கடவுச்சொல்லையும் தாங்களே வைத்திருந்தார்கள். நாளை வேறிடம் போனால் பட்டியல் யாருடையது என்று கேட்டபோது தெளிவான விடை வரவில்லை. சில வாரங்கள் இழுபறிப்பட்டுக் கணக்கைக் கடையின் பெயருக்கு மாற்றினோம்.

கஸ்தூரியார் வீதி நகைக்கடைகள், விருந்தினர் விடுதிகள், திருமண மண்டபங்கள், வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் இங்குள்ள பெற்றோருக்காகப் பணம் கட்டும் வீட்டுப் பராமரிப்புச் சேவைகள் ஆகியவற்றுக்கு இச்செய்திமடல் சேவை பயன்படும். சுற்றுவட்டாரத்து வாடிக்கையாளரை மட்டும் நம்பியிருக்கும் பலசரக்குக் கடைக்கோ வெதுப்பகத்துக்கோ தேவையில்லை. அங்கே வட்ஸ்அப் போதும். சேருபவர்கள் முற்பணம் கொடுக்குமுன், அவர்கள் வேறொரு வாடிக்கையாளருக்குச் செய்த கடைசி மடலைத் தங்கள் கைத்தொலைபேசிக்கு அனுப்பச் சொல்லி, படங்கள் திறக்காத நிலையில் ஒருமுறையும் திறந்த நிலையில் ஒருமுறையும் பார்க்க வேண்டும். கணக்கு கடையின் பெயரில் இருக்கும், பட்டியலை எப்போது வேண்டுமானாலும் தரவிறக்கிக்கொள்ளலாம் என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுத்தாக வாங்கிக்கொள்ளவும். கேட்டால் மறுக்காமல் எழுதித் தருகிறார்கள், கேட்காவிட்டால் தாமாக எழுதுவதில்லை.